காற்று நின்ற காலை

பட்டறை அக்கா வந்தபோது நிதானம் வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆராய்வது அவர் தொழில். எரிந்து கிடக்கும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மற்றவர்கள் பொறுமை இழந்த பிறகே வாயைத் திறப்பார். அதனால் வந்த பெயர் அது. மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள், கோபம் வரும்போது.

அந்த மனைவியின் தம்பியும் அன்று அங்கே இருந்தான். வேலை பார்த்த பத்திரிகை மூடியதிலிருந்து அவன் நிதானத்தின் பின்னாலேயே திரிந்தான். முப்பது தாண்டியும் எதையும் நடந்துபோய்ச் செய்யத் தெரியாதவன், எழுந்தால் ஓட்டம்தான்.

பட்டறை அக்கா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி செத்துட்டான் சார். நான்தான் காரணம்னு எழுதிட்டாங்க."

"எவன் எழுதினான்க்கா? சொல்லுங்க, கிழிச்சுத் தொங்க விட்டுடலாம்," என்று மச்சினன் எழுந்தே விட்டான்.

"மாப்ளே," என்றார் நிதானம். "முதல்ல அவங்களுக்குத் தண்ணி கொண்டா."

அவள் சொன்னது இது. கம்பளி நூல் வெளுப்பது அவள் தொழில். மாலையில் ஈர நூலை ஓர் அறைக்குள் கொடிகளில் தொங்கவிட்டு, நடுவில் இரும்புச் சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவிட்டு, கதவை இழுத்துச் சாத்துவாள். கதவிடுக்கிலும், அறையிலிருந்து மொட்டைமாடிக்குப் போகும் புகைக்குழாயின் மூடியைச் சுற்றியும் பசை தடவிய காகிதத்தை ஒட்டுவாள். கந்தகப் புகை நூலின் மஞ்சளைத் தின்றுவிடும். காலையில் மாடிக்குப் போய்க் காகிதத்தைக் கிழித்து, குழாய் மூடியைத் திறந்து புகையை வெளியேற்றிய பிறகுதான் அறைக்கதவைத் திறப்பாள்.

"தம்பிக்குச் சின்ன வயசுலேருந்து இழுப்பு. அறை புகையிற நாள்ல அவனைக் காலையில கீழ இருக்க விடமாட்டேன். போடா, மாடியில போய் நல்ல காத்தா வாங்கிட்டு இருடான்னு அனுப்பிடுவேன். குழாய் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி கீழ கூப்பிட்டுடுவேன். அன்னைக்கும் அப்படித்தான். விடிஞ்சு கொஞ்ச நேரம். நான் அடுப்புகிட்ட இருந்தேன். இருமற சத்தம் கேட்டுச்சு. எப்பவும் இருமறதுதானேன்னு பாலை இறக்கி வச்சுட்டுப் போனேன்."

மச்சினன் நீட்டிய தண்ணீரை வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"சுவத்துல சாஞ்ச மாதிரி இருந்தான். மருந்து பம்பு கையில இருந்துச்சு."

கந்தகப் புகை மூச்சுக்குழாயை இறுக்கிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் கந்தகப் புகை வர இரண்டே வழி. ஊருக்கு வெளியே உள்ள செம்பு உருக்காலையின் புகைபோக்கி ஒன்று. அவளுடைய அறை மற்றொன்று. சுகாதார அதிகாரி ஆலையிடம் கேட்டார். அந்த நேரத்தில் ஆலைப் புகை அவள் தெருவைத் தொடவே இல்லை என்று அறிக்கை வந்தது. அதிகாரி அறைக்குச் சீல் வைத்தார்.

"நீங்க மூடியைத் திறந்தீங்களா?" என்று கேட்டார் நிதானம்.

"திறக்கல சார். அந்தப் பக்கமே போகல. ஆனா மூடியைச் சுத்திக் காகிதம் சரியா ஒட்டினேனா? ஒட்டினது ஞாபகம் இருக்கு. அது அன்னைக்கு ஒட்டினதா, அதுக்கு முந்தின தடவை ஒட்டினதான்னு தெரியல. பழகிப்போன வேலை. கை செய்யும், மனசு எங்கேயோ இருக்கும்."

தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"யாரையும் பிடிச்சுத் தர வேணாம். நான்தானா இல்லையா, அது மட்டும் சொல்லுங்க. நான்தான்னா, நான்தான்னே சொல்லிடுங்க."

அவள் தெரு தட்டின் நடுப்பகுதிபோலப் பள்ளத்தில் இருந்தது. மொட்டைமாடியில் நின்றால் சுற்றிலும் மேடு. ஒரு மேட்டுக்கு அப்பால் உருக்காலையின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. நிதானம் குழாய் மூடியின் பக்கத்தில் குந்தி நெடுநேரம் இருந்தார். காகிதம் சுற்றிலும் கிழியாமல் இருந்தது.

"பாத்தீங்களா!" என்று மச்சினன் கைதட்டினான். "காகிதம் முழுசா இருக்கு. அக்கா மேல தப்பில்ல. முடிஞ்சுது கேஸ்!"

"தம்பி விழுந்த பிறகு புதுசா ஒட்டியிருக்கலாம்னு அதிகாரி சொல்வார். ஒட்டலைன்னு எப்படிக் காட்டுவே?"

மச்சினன் கைகளைப் பையில் விட்டுக்கொண்டான்.

தெருவின் மேட்டுக்கோடியில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. அதன் வாசல் திரையைப் பார்த்ததும் நிதானம் நின்றுவிட்டார். வெளிப்பக்கம் கருநீலம் கலந்த ஊதா. காற்றில் மடங்கியபோது உள்பக்கம் நல்ல சிவப்பு.

"நீங்களும் கேக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர், கத்தரியை நிறுத்தாமல். "சிவப்புன்னுதான் சார் வாங்கினேன். காலையில துவைச்சு ஈரத்தோட மாட்டினேன். முதல் ஆளுக்கு சவரம் முடிச்சுட்டு வெளியே வந்து பாக்கறேன், கத்தரிக்காய் மாதிரி நிக்குது. வர்றவன்லாம், 'என்னண்ணே, கட்சி மாறிட்டீங்களா'ன்னு கேக்கறான்."

"என்னைக்கு?"

கத்தரி நின்றது. "அந்தத் தம்பி போன அன்னைக்குத்தான். அதான் வாயைத் திறக்கல. ஒரு வீட்ல பொணம் கிடக்கும்போது என் திரையைப் பத்தியா போய் ஒப்பாரி வைக்கறது?"

"அன்னைக்கு உங்களுக்கு ஏதாவது?"

"தொண்டை எரிஞ்சுது. சவரம் பண்ணிக்கிட்டவரும் இருமினார். ரெண்டு பேரும் சளின்னு நினைச்சோம்."

"பட்டறைப் புகை இது வரைக்கும் உங்க கடைக்கு வந்திருக்கா?"

"எங்கே வரும்? அது பள்ளத்துல, நான் மேட்டுல. நடுவுல தெரு பூராவும் வீடு."

நிதானம் ஒரு கிண்ணத்தில் சலவைச் சோடா கரைத்துத் தரச் சொல்லி, திரையின் ஒரு மூலையை மட்டும் அதில் நனைத்தார். ஊதா மெல்லக் கலைந்து அந்த மூலை சிவந்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.

"மலிவான சாயம்," என்றார் நிதானம். "அமிலம் பட்டா நீலத்துக்குத் தாவும். சோடா பட்டா திரும்பி வரும்."

"அப்ப சாயக்காரன் என்னை ஏமாத்தல?"

"ஏமாத்தல. திரையை மறுபடி துவைக்காம அப்படியே வைங்க."

ஆலைக்காக அறிக்கை தயாரித்தது ஒரு சிறிய நிறுவனம். கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். புகை எந்த மணியில் எங்கே போகும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் கணிப்பாளர் இளைத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்டவர். கேட்ட எதையும் அவர் மறைக்கவில்லை.

"புகைபோக்கியிலேருந்து வர்ற வாயுவை நாங்க பின்தொடர்றோம் சார். காத்து எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், மேல சூடா குளிரா, எல்லாம் உள்ள போகும். அது போற வழியில மாறிக்கிட்டும் இருக்கும். வறண்ட காத்துல மெதுவா மாறும். ஈரம் கிடைச்சா சட்டுன்னு அமிலமாயிடும்."

"மூச்சுக்குழாயும் ஈரம்தான்," என்றார் நிதானம்.

கணிப்பாளர் கணினித் திரையைத் தட்டினார். ஊரின் வரைபடம் வந்தது, முழுக்கப் பச்சையாக. "இருங்க, இன்னும் ஓட ஆரம்பிக்கல." பிறகு ஒவ்வொரு மணியாக நகர்த்தினார். வாயு அதிகமான இடம் சிவப்பு, குறைவான இடம் மஞ்சள், இல்லாத இடம் பச்சை. ஐந்து மணிக்குப் புகைபோக்கியின் நுனியிலிருந்து ஒரு மஞ்சள் நாக்கு தெற்கே நீண்டது. ஆறு மணிக்கு ஊரும் ஆலையும் எல்லாமே பச்சை. ஏழு மணிக்கும் அதே. எட்டு மணிக்கு மஞ்சள் நாக்கு கிழக்கே கிளம்பியது.

மச்சினன் பெருமூச்சு விட்டான். "ஆறும் ஏழும்தான் நமக்கு வேணும். துடைச்சு விட்ட மாதிரி இருக்கே, மாமா."

"ஆறு மணிக்கு உலையை நிறுத்தியிருந்தாங்களா?" என்று நிதானம் கேட்டார்.

"உலையையா? நிறுத்தினா திரும்ப சூடேத்தறதுக்குள்ள உயிர் போயிடும். அது ஓடிக்கிட்டேதான் இருக்கும் சார்."

காற்றை அளக்கும் கருவியைப் பார்க்க வேண்டும் என்றார் நிதானம். அது அதே கட்டடத்தின் மாடியில், ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தது. மூன்று சின்னக் கிண்ணங்கள், காற்று அடித்தால் சுழலும். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். கிண்ணங்கள் அசையவில்லை.

"இப்ப காத்தே இல்ல," என்றார் கணிப்பாளர்.

நிதானம் தன் கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயின் ஆவி நேராக எழவில்லை. மாடிப்படிக் கதவின் பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அவர் எல்லோரையும் பட்டறைக்கு வரச் சொன்னார். சுகாதார அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிதிருத்துபவர் திரையைக் கழுத்தில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு வந்தார். கணிப்பாளர் கணினியை மடியில் வைத்துக்கொண்டார். பட்டறை அக்கா மட்டும் உட்காராமல், சீல் வைத்த கதவின் ஓரமாக நின்றாள்.

"முதல்ல இந்தத் துணி," என்றார் நிதானம். "அன்னைக்குக் காலையில ஈரமா இருந்துச்சு. தெருப் பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கு, கடைப் பக்கம் மாறல. அப்ப வாயு வெளியிலேருந்து வந்தது. இந்த வீட்டுக் குழாய்லேருந்து தெருவோட மேட்டுக்கோடிக்கு, அத்தனை வீட்டையும் தாண்டி, இவ்வளவு வாயு போகணும்னா ஒரு சட்டி கந்தகம் பத்தாது. கொட்டிக் கொளுத்தணும்."

"ஆனா ஆலைப் புகை வரலையே," என்றார் அதிகாரி. "அறிக்கை இருக்கு."

"அதுக்குத்தான் வர்றேன். தம்பி, ஆறு மணியைப் போடுங்க."

பச்சை வரைபடம் வந்தது.

"உலை ஓடுது. புகைபோக்கி புகை விடுது. புகை இந்தத் தெருவுக்கு வரலைன்னு வச்சுக்குவோம். அப்ப வேற எங்கேயாவது இருக்கணும் இல்லையா? புகைபோக்கியோட வாய்ல கூட ஒரு துளி மஞ்சள் இல்ல. அந்த ஒரு மணி நேரம் புகை எங்கே போச்சு?"

நிதானம் கணிப்பாளரிடம் திரும்பினார்.

"அன்னைக்கு ஆறு மணிக்கு உங்க கிண்ணங்கள் சுத்திச்சா?"

"இல்ல சார்," என்றார் கணிப்பாளர். "காத்து பூஜ்யம்னு பதிவாயிருக்கு. ஏழுக்கும்."

"உங்க கணக்குல காத்தோட வேகம் எங்கே வரும்?"

கணிப்பாளரின் முகம் மாறியது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "கீழ வரும். வாயுவை அதால வகுப்போம்."

"பூஜ்யத்தால வகுக்க முடியுமா?"

"முடியாது. அதனால... காத்து நின்ன மணியை ப்ரோக்ராம் தாண்டிப் போயிடும்."

"தாண்டின மணிக்கு என்ன நிறம்?"

"நிறமே கிடையாது." அவர் வரைபடத்தை விரலால் தொட்டார். "அடியில இருக்கிற வரைபடம் தெரியும். அது பச்சை."

"ஐயோ," என்றார் முடிதிருத்துபவர். "அப்ப பச்சைன்னா புகை இல்லைன்னு அர்த்தம் இல்லையா? பாக்கலைன்னா?"

"ஆமா," என்றார் நிதானம். "காத்து அடிக்கிற நேரத்துல புகை கலைஞ்சு போகுது. அந்த நேரத்தையெல்லாம் ப்ரோக்ராம் கணக்கு பாக்குது. காத்து நிக்கிறப்பதான் புகை தேங்குது. அந்த நேரத்தை மட்டும் பாக்கறதில்ல. அந்தக் கருவியும் மெல்லிய காத்துக்கு அசையாது. டீ ஆவி சாயற அளவு காத்து போதும், தேங்கின புகை நகர்ந்து இந்தப் பள்ளத்துக்கு மேல வந்து நிக்கறதுக்கு. ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, மேல இருக்கிற காத்து மூடி மாதிரி உக்காந்திருக்கும். வெயில் பட்டுத் தரை சூடானதும் காத்து புரளும். பாத்திரத்துல அடி சூடானா மேல இருக்கிறது கீழ வர்ற மாதிரி, உயரத்துல நின்ன வாயு மொத்தமா இறங்கும். விடிஞ்சு கொஞ்ச நேரம்னு இவங்க சொன்னது அந்த நேரம்தான்."

மச்சினன் குதித்து எழுந்தான். "அப்ப எழுதுங்க சார்! அக்கா பேரை எடுங்க! சீலைப் பிரிங்க!"

சுகாதார அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து நின்ன மணியைக் கணக்குல சேர்க்காம விட்டுடலாம்னு விதியிலேயே இருக்கு. ஆலை விதிப்படி செஞ்சுது. இவர் விதிப்படி கணக்குப் போட்டார். நீங்க சொல்றது என்ன? அந்த நேரத்துல என்ன நடந்துதுன்னு அறிக்கைக்குத் தெரியாதுங்கறீங்க. சரி, தெரியாது. ஆலைப் புகைதான்னு அது சொல்லலையே. வேற மாதிரி கணக்குப் போட முடியுமா தம்பி?"

"முடியும். வாயுவை உருண்டை உருண்டையா விட்டு, ஒவ்வொண்ணையும் பின்தொடர்ற முறை இருக்கு," என்றார் கணிப்பாளர். "ஆனா அன்னைக்குக் காலையில மேல எந்த உயரத்துல எவ்வளவு குளிர்னு தெரியணும். யாரும் அளக்கல. இனிமே அளக்கவும் முடியாது."

"ஒரு கடைத் திரையை வச்சு ஆலை மேல நான் எழுதினா, அவங்க வக்கீல் என்னைத் துவைச்சு அதே கொடியில காயப்போட்டுடுவான். என் முன்னால கையில புடிக்கிற மாதிரி இருக்கிற கந்தகம் இந்த அறையில இருக்கிறது மட்டும்தான்." அவர் எழுந்தார். பட்டறை அக்காவின் பக்கம் திரும்பினாலும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் நம்பறேன்மா. ஆனா என்னால எழுத முடியாது."

அவர் போன பிறகு முடிதிருத்துபவர் திரையை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். மச்சினன் சுவரை ஒரு குத்து குத்திவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டான். மேல்முறையீடு, பத்திரிகை, மந்திரி என்று அடுக்கிக்கொண்டே போனான். அவன் குரல் தானாகவே தணிந்து நின்றது.

"சார்," என்றாள் பட்டறை அக்கா. "என் அறை இல்ல."

"உங்க அறை இல்லம்மா. காகிதம் நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க."

அவள் தலையசைத்தாள். கேட்க வந்தது அதுதான், கிடைத்துவிட்டது. ஆனாலும் அவள் நகரவில்லை.

"அவன் கீழ இருந்திருந்தா? கதவு ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்துச்சு."

மச்சினன் நிதானத்தைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல அவன் தலை லேசாக ஆடியது. நிதானம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தீயில் எல்லாம் போனவர்களிடம் எத்தனையோ தடவை உண்மையைச் சொல்லிப் பழகியவர் அவர். அன்று அது நாவில் புரளவில்லை.

"உள்ள குறைவாத்தான் வந்திருக்கும்," என்றார் கடைசியில். "எவ்வளவு குறைவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நல்ல காத்து வாங்குடான்னு நான்தானே மேல அனுப்பினேன்."

"நீங்க அவரைப் புகையிலேருந்து காப்பாத்தத்தான் அனுப்பினீங்க."

"ஆமா," என்றாள் அவள். அந்தச் சொல்லில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை.

கணிப்பாளர் கணினியை மூடப் போனார். அவள் அவர் பக்கம் வந்தாள்.

"தம்பி, நடந்ததை அளக்க முடியாது. சரி. நாளைக்குக் காலையில காத்து நிக்குமா, நிக்காதா? அது தெரியுமா?"

அவர் தயங்கினார். "வானிலைக் கணிப்பை வச்சு ஓரளவு சொல்லலாம். ஆனா அதை வெளியே சொல்ல எனக்கு உத்தரவு இல்லக்கா. ஆலைக்கு மட்டும்தான்."

"நான் கேக்கறது என் தெருவுக்கு."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து எதையோ தட்டினார். திரையின் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது.

"நாளைக்கும் நிக்கும்," என்றார் மெதுவாக. "மறுநாளும்."

பட்டறை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மச்சினன் பின்னாலேயே ஓடிவந்து எதிர்வரிசை வீடுகளின் கதவுகளைத் தட்டத் தொடங்கினான். முதல் வீட்டில் தையல்காரரின் மனைவி, இடுப்பில் குழந்தையுடன் கதவைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில வெயில் ஏறற வரைக்கும் ஜன்னலைத் திறக்காதே. பிள்ளையை வெளியே விடாதே. ஆலைப் புகை இறங்கும்."

"ஐயோ, நிஜமாவாக்கா? யாரு சொன்னது?" குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள் அவள். "அறிக்கையில வந்திருக்கா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு, பட்டறை அக்கா அடுத்த கதவைத் தட்டினாள்.